கல்லூரிக்குப் பொருள் தந்த கரும்புத் தோட்டம்: இயேசு சபைப் பண்ணைகளும் வரலாற்றுத் தொல்லியலும்

முன்னுரை

இயேசு சபையினர் என்றவுடன் தமிழ் பயில்வோர் உள்ளத்தில் தோன்றும் பெயர்கள் மூன்று. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் தமிழ் நூலை அச்சேற்றிய அண்டிரிக் அடிகளார். 1606இல் மதுரைக்கு வந்து தமிழில் உரைநடை வளர்த்த தத்துவ போதகர். தேம்பாவணியும் சதுரகராதியும் தந்த வீரமாமுனிவர். இப்பெரியோர் நம் மொழிக்கு ஆற்றிய தொண்டினைச் சமய வேறுபாடின்றித் தமிழுலகம் போற்றி வருகின்றது.

இதே சபையார் அதே காலத்தில் அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் கரும்புத் தோட்டங்களையும் கொடிமுந்திரித் தோட்டங்களையும் நடத்தினர் என்பதும், அவற்றில் ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக வைத்திருந்தனர் என்பதும் நம்மில் பலர் அறியாத செய்தி. சதுரகராதி நிறைவெய்திய 1732ஆம் ஆண்டில், தென்னமெரிக்காவின் வடகரையில் உள்ள ரெமீர் என்னும் ஊரில் அச்சபையின் கரும்பாலை சுழன்றுகொண்டிருந்தது. இவ்விரண்டும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள். மறைந்து கிடந்த பக்கத்தை மண்ணை அகழ்ந்து வெளிக்கொணரும் துறை வரலாற்றுத் தொல்லியலாகும். அத்துறை கண்டவற்றுள் சிலவற்றைத் தொகுத்துரைத்து, அவற்றால் கல்வி நிறுவனங்களுக்கு எழும் ஒரு வினாவை முன்வைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரலாற்றுத் தொல்லியல்: விளக்கம்

தொல்லியல் என்றால் எழுத்துத் தோன்றாக் காலத்து முதுமக்கள் தாழியும் கற்கருவியுமே நம் நினைவுக்கு வரும். எழுத்தும் ஆவணமும் மிகுந்த அண்மை நூற்றாண்டுகளை அகழ்ந்து ஆராய்வதற்குத் தேவை யாது எனச் சிலர் வினவக்கூடும்.

விடை எளிது. ஆவணம் எழுதியவர் ஒருவர். ஆவணத்துள் எழுதப்பட்டவர் வேறொருவர். பண்ணையின் கணக்கேட்டில் அடிமையின் பெயர், வயது, விலை ஆகியவை கால்நடைகளோடும் கருவிகளோடும் வரிசையாக நிற்கும். அவர் எதை உண்டார், எந்தக் கலத்தில் சமைத்தார், எத்தகைய குடிலில் உறங்கினார், தம் இறந்தோரை எங்ஙனம் அடக்கம் செய்தார் என்பவற்றை அக்கணக்கேடு கூறுவதில்லை. குடிலின் கால் நட்ட குழி மண்ணில் ஒரு கறையாக எஞ்சியிருக்கும். அடுப்புச் சாம்பலும் மீன்முள்ளும் உடைந்த சட்டியும் குப்பைக்குழியில் கிடக்கும். புகைக்குழாயின் துண்டும் கண்ணாடி மணியும் மண்ணோடு மண்ணாய்க் கலந்திருக்கும். எழுதத் தெரியாதவர் என்றும், எழுத விடப்படாதவர் என்றும் ஒதுக்கப்பட்ட மக்களின் ஏடு இவையே. இவ்வேட்டைப் பழைய வரைபடங்களோடும் கணக்குகளோடும் ஒப்பிட்டுப் படிப்பதே வரலாற்றுத் தொல்லியலின் முறையாகும்.

சபையும் தோட்டமும்

துறவு பூண்ட ஒரு சபை தோட்டம் நடத்தியது ஏன்? இயேசு சபையின் கல்லூரிகள் மாணவரிடம் கட்டணம் பெறாமல் கற்பிக்க விரும்பின. அதற்கு நிலையான வருவாய் வேண்டியிருந்தது. அரசரும் செல்வரும் அளித்த நிலங்களும், சபையார் விலைக்கு வாங்கிய நிலங்களும் அவ்வருவாய்க்கு ஊற்றாயின. ஐரோப்பாவில் அந்நிலங்களைக் குடியானவர் உழுதனர். அமெரிக்கக் கண்டத்திலோ நோயாலும் போராலும் பழங்குடி மக்கள் குறைந்துவிட்ட இடங்களில், ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றிக் கொணரப்பட்ட மக்களின் உழைப்பே தோட்டங்களுக்கு அடிப்படையாயிற்று. பெரு, பிரேசில், மெக்சிகோ, அர்ஜென்டினா, மார்த்தினிக், மேரிலாந்து எனப் பல நாடுகளில் இம்முறை பரவியது. பள்ளிக்கும் மறைப்பணிக்கும் ஆன செலவின் ஒரு பகுதி இவ்வாறு அடிமை உழைப்பிலிருந்து வந்தது.

லோயோலாப் பண்ணை

இம்முறையை நன்கு விளக்கும் இடம் பிரெஞ்சு கயானாவில் உள்ளது. அந்நாட்டின் தலைநகராகிய கயேனிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில், ரெமீரில், இயேசு சபையினர் 1668இல் ஒரு பண்ணையை நிறுவினர். சபையின் முதல்வர் இஞ்ஞாசியார் பிறந்த ஊரின் பெயரால் அதற்கு லோயோலா எனப் பெயரிட்டனர். 1,000 எக்டேருக்கும் மேற்பட்ட அந்நிலத்தில் கரும்பு, அவுரி, காப்பி, கொக்கோ, பருத்தி ஆகியன விளைந்தன. பண்ணை ஓங்கியிருந்த காலத்தில் 500 பேர் வரை அங்கே அடிமைகளாக இருந்தனர். கூரூ, ஒயாபோக் முதலிய இடங்களில் பழங்குடி மக்களிடையே நிகழ்ந்த மறைப்பணிக்கு இப்பண்ணையின் வருவாய் துணைநின்றது.

ஒரு நூற்றாண்டு செழித்த இப்பண்ணை, சபைக்கு நேர்ந்த வீழ்ச்சியோடு வீழ்ந்தது. அவ்வீழ்ச்சிக்கும் ஒரு தோட்டமே தொடக்கமாக அமைந்தது. மார்த்தினிக் தீவில் சபையின் தோட்டங்களையும் வாணிகத்தையும் நடத்திய லாவலெத் என்னும் குரு பெருங்கடனில் மூழ்கினார். அவருடைய சரக்குக் கப்பல்களை 1755இல் ஆங்கிலேயர் கைப்பற்றியதும் கடன்காரர் பிரான்சில் வழக்குத் தொடுத்தனர். சபையின் பகைவர்க்கு அவ்வழக்கு நல்வாய்ப்பாயிற்று. 1764இல் பிரெஞ்சு மன்னர் தம் ஆட்சிப்பரப்பில் சபையைக் கலைத்தார். லோயோலாவும் 1768இல் சபையின் கைவிட்டுப் போயிற்று. காடு அதனை மூடிக்கொண்டது.

அக்காட்டினுள் மறைந்த இடிபாடுகளை யானிக் லெ ரூ, கனடாவின் லாவால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெஜினால்ட் ஓஜே, நத்தலி கசெல் முதலிய ஆய்வாளர்கள் 1990களிலிருந்து பல்லாண்டுகள் அகழ்ந்து ஆராய்ந்தனர். பண்ணை இல்லம், சிற்றாலயம், கல்லறைத் தோட்டம், சமையற்கட்டு, மருத்துவமனை, கொல்லர் உலைக்களம், பண்டகசாலை, காற்றாலை, கரும்பாலை, அவுரித் தொட்டிகள், நீர்க்கால்வாய் ஆகியவற்றின் அடித்தளங்கள் வெளிப்பட்டன. 1730இல் எபேர் என்பவர் வரைந்த பண்ணைக் காட்சியோடு இவற்றை ஒப்பிடவும் முடிந்தது.

இவ்விடங்களின் அமைப்பே ஒரு பாடம். இல்லமும் ஆலயமும் அருகருகே இருந்தன. வழிபாட்டுக்கு வருவோரும் வேலைக்குச் செல்வோரும் ஒரே மேலாளரின் கண்பார்வையில் இருந்தனர். மணியொன்றே தொழுகைக்கும் தொழிலுக்கும் அழைத்தது எனில், இறைவனுக்குச் செய்யும் கடமையும் உடைமையாளருக்குச் செய்யும் ஊழியமும் அம்மக்களின் செவியில் ஒன்றாகவே ஒலித்திருக்கும் என நாம் உய்த்துணரலாம்.

கருப்பஞ்சாறும் அவுரியும்

கரும்பும் அவுரியும் நம் மண்ணுக்கு அயலானவை அல்ல. ஆதலின் அங்கே நிகழ்ந்த உழைப்பைத் தமிழ் வாசகர் எளிதில் மனக்கண்ணால் காணலாம்.

நம் ஆலைக் கொட்டகையில் கருப்பஞ்சாற்றைக் கொப்பரையிலிட்டுக் காய்ச்சி வெல்லமாக இறுக்குவர். ஐரோப்பியச் சந்தை வேண்டியதோ வெண்மையான சருக்கரை. அதனைப் பெற, காய்ச்சிய பாகினைக் கூம்பு வடிவ மண்கலங்களில் ஊற்றினர். கூம்பின் முனையில் ஒரு துளை இருக்கும். அத்துளையின் கீழே ஒரு சாடியை வைப்பர். கழிவுப்பாகு சொட்டுச் சொட்டாய்ச் சாடியில் இறங்க, சருக்கரை கூம்பினுள் படிகமாகத் தங்கும். இக்கூம்புகளின் உடைந்த ஓடுகள் சருக்கரைப் பண்ணைகளின் அகழ்வில் பெருமளவில் கிடைப்பவை; லோயோலாவும் அதற்கு விலக்கன்று.

வெட்டிய கரும்பைக் காலந்தாழ்த்தினால் சாறு புளித்துவிடும். ஆகவே அறுவடைக் காலத்தில் ஆலை இரவு பகலாக ஓடியது. உறக்கமின்றி உருளைக்குக் கரும்பு கொடுப்பவரின் கை அதில் சிக்கினால், உயிரைக் காக்கக் கையை வெட்டியெடுப்பதன்றி வேறு வழியில்லை. அதற்கெனக் கோடரி அருகிலேயே வைக்கப்பட்டிருந்ததாகக் கரீபியப் பகுதியின் பழைய குறிப்புகள் கூறுகின்றன.

அவுரித் தொழிலிலும் துன்பம் குறைவன்று. முதல் தொட்டியில் இலையை ஊறவைத்து, இரண்டாம் தொட்டியில் அந்நீரை இடைவிடாது அடித்துக் கலக்கி, அடியில் படியும் நீலத்தை வடித்து உலர்த்துவர். ஊறிப் புளித்த இலையின் நாற்றம் தாங்கொணாதது. தொட்டிகள் கல்லால் கட்டப்பட்டமையால் இன்றும் நிற்கின்றன. அவற்றுள் நின்று உழைத்தவரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

கல்லறைத் தோட்டம் சொல்வது

பிரெஞ்சு அரசு 1685இல் இயற்றிய ‘கறுப்பர் சட்டம்’ அடிமைகளுக்குத் திருமுழுக்கு அளித்தல் வேண்டும் என்றது. அவர்களுக்கு வாரந்தோறும் குறித்த அளவு மரவள்ளி மாவும், 2 பவுண்டு உப்பிட்ட மாட்டிறைச்சியோ 3 பவுண்டு மீனோ தரப்படவேண்டும் என்றும் அது விதித்தது. இறந்தோரைப் பற்றியும் அச்சட்டம் பேசிற்று. திருமுழுக்குப் பெற்ற அடிமையைப் புனிதப்படுத்திய நிலத்தில் அடக்கம் செய்தல் வேண்டும். பெறாதவரை, இறந்த இடத்திற்கு அருகிலுள்ள வயலில் இரவுப்பொழுதில் புதைத்துவிடலாம்.

இவ்விதியை மனத்திற்கொண்டு நோக்கினால் லோயோலாவின் கல்லறைத் தோட்டம் தனிப்பொருள் பெறுகின்றது. வேலி கோலிய அந்நிலத்தினுள் இடம்பெற்றவர் யார், வெளியே இருளில் புதைக்கப்பட்டவர் யார் என்பதைச் சட்டமே வகுத்துவிட்டது. வெப்ப மண்டலத்தின் அமிலத்தன்மை மிக்க மண் எலும்பையும் எளிதில் கரைத்துவிடும். உடல் கரைந்த பின்னர்க் குழியின் வடிவமே எஞ்சும்.

ஆப்பிரிக்காவின் செனகாம்பியாப் பகுதியிலிருந்து கொணரப்பட்டோருள் இசுலாமியரும் இருந்தனர். தென்னமெரிக்காவின் கார்த்தகேனா நகரில் பணியாற்றிய அலோன்சோ தெ சாந்தோவல் என்னும் இயேசு சபைக் குரு 1627இல் வெளியிட்ட நூலில், வோலோஃப், மண்டிங்கா முதலிய இனத்தாரிடையே முகமது நபியின் மார்க்கம் பரவியிருந்ததைக் குறிப்பிடுகின்றார். தம் நெறியைத் தம்மோடு கொண்டுவந்த அம்மக்கள், அயல்நாட்டின் மண்ணில் எம்முறைப்படி அடங்கினர் என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கின்றது. கிறித்தவராயினும் இசுலாமியராயினும் தம் முன்னோர் நெறி வழுவாதவராயினும், தமக்குரிய இறுதிச் சடங்கைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமை அவர்க்கு இல்லாமற் போயிற்று.

காட்டுக்குள் சென்றோர்

அடிமைப்பட்டோர் அனைவரும் அடங்கிக் கிடந்தனர் எனக் கருதுதல் பிழை. கயானாவின் அடர்காடு தப்பியோடியவர்க்குப் புகலிடமாயிற்று. அவர்கள் காட்டினுள் ஊர் அமைத்து, மரவள்ளி பயிரிட்டு வாழ்ந்தனர். 1748இல் பிடிபட்ட லூயி என்னும் சிறுவனின் வாக்குமூலம் அத்தகைய ஓர் ஊரின் வாழ்க்கையை விரித்துரைக்கின்றது. 1751இல் ஃபோக் என்னும் இயேசு சபைக் குரு மன்னிப்பு உறுதியுடன் காட்டுக்குள் சென்று, அவர்களுள் ஒரு பகுதியினரைத் திரும்ப அழைத்துவந்தார். அவரது அஞ்சாமையை நாம் பாராட்டலாம். ஆயினும் அவர் அழைத்துவந்தது விடுதலையிலிருந்து அடிமைத்தனத்திற்கு என்பதை மறத்தல் இயலாது. நல்லெண்ணமும் தீய அமைப்பும் ஒரே மனிதரிடத்தில் கைகோத்து நின்ற நிலை இது.

நாஸ்காவும் மேரிலாந்தும்

பெரு நாட்டின் நாஸ்காப் பகுதியில் சான் ஹோசே, சான் ஹவியர் என்னும் இரு கொடிமுந்திரிப் பண்ணைகள் குஸ்கோ, லிமா நகரங்களில் இருந்த சபைக் கல்லூரிகளுக்கு வருவாய் தந்தன. எசுப்பானிய மன்னர் 1767இல் சபையை வெளியேற்றியபோது அவ்விரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 600 பேர் அடிமைகளாக இருந்தனர். அவர்கள் விடுவிக்கப்படவில்லை. பண்ணையோடு சேர்த்து அரசின் உடைமையாக மாற்றப்பட்டனர். பெருவில் அடிமைமுறை ஒழிந்தது 1854இல்தான். பிரெண்டன் வீவர் தலைமையில் இப்பண்ணைகளில் நிகழ்ந்த ஆய்வு, மதுவும் திராட்சைச் சாராயமும் நிறைத்த பெருஞ்சாடிகள் வனைந்த தொழிலை ஆராய்ந்து, அம்மக்களுள் கைத்திறன் மிக்க குயவர் இருந்தமையை எடுத்துக்காட்டியது. அடிமை என்னும் ஒரு சொல்லுக்குள் குயவர், கொல்லர், தச்சர், மருத்துவச்சி எனப் பல திறனாளர் மறைந்திருந்தனர்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேரிலாந்திலோ செய்தி இன்னும் அண்மையது. 1634இல் அங்கு வந்திறங்கிய சபையார் பல பண்ணைகளை நடத்தினர். வாசிங்டன் நகரிலுள்ள ஜார்ஜ்டவுன் கல்லூரி அச்சபையாருடையது. அது கடன்பட்டிருந்த நிலையில், 1838இல் மேரிலாந்துச் சபையார் தம் பண்ணைகளிலிருந்த 272 பேரை லூசியானாவின் தோட்ட முதலாளிகளுக்கு 1,15,000 டாலருக்கு விற்றனர். முதலில் கிடைத்த 25,000 டாலரில் 17,000 டாலர் கல்லூரிக் கட்டடக் கடனுக்குச் சென்றது. குடும்பங்களைப் பிரிக்கலாகாது, பணத்தைக் கடனடைக்கப் பயன்படுத்தலாகாது என்று உரோமையிலிருந்த சபைத் தலைவர் விதித்த நிபந்தனைகள் காற்றில் பறந்தன.

விற்பனைப் பட்டியலின் முதற்பெயர் ஐசக், வயது 65. அப்பட்டியலில் இருந்த கொர்னீலியஸ் ஹாக்கின்சு அப்போது 13 வயதுச் சிறுவன். அவர் 1902 வரை வாழ்ந்து லூசியானாவில் அடங்கினார். அவரது கல்லறை பின்னர் அடையாளம் காணப்பட்டது. 2017இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் சபையும் வழித்தோன்றல்களிடம் வெளிப்படையாக மன்னிப்பு வேண்டின. விற்பனையை நடத்திய குருவின் பெயர் தாங்கியிருந்த கட்டடத்திற்கு ஐசக் ஹாக்கின்சு பெயர் சூட்டப்பட்டது. 2020இல் மேரிலாந்தின் நியூடவுன் பண்ணையில் அடிமைப்பட்டோர் வாழ்ந்த குடியிருப்பின் தடயங்களைத் தொல்லியலார் கண்டறிந்தனர். துருவேறிய ஆணிகள், மண் புகைக்குழாய்த் துண்டுகள், உடைந்த கலங்கள் ஆகியனவே அங்குக் கிடைத்தன. அருங்காட்சியகப் பேழையில் வைத்தால் எவரும் இருமுறை பாராத பொருள்கள் இவை. தம் பாட்டனின் பாட்டன் பிடித்த புகைக்குழாய் என்று அறிந்தவர்க்கோ அவற்றின் மதிப்பு வேறு.

காலத்தின் வழக்கம் என்னும் வாதம்

அக்காலத்தில் எல்லாரும் செய்ததையே அவர்களும் செய்தனர் என்று கூறிச் செல்வோர் உளர். இவ்வாதம் வரலாற்றின் முன் நிற்பதன்று. சாந்தோவலே இவ்வாணிகம் முறையானதா என ஐயுற்று, அங்கோலாவின் லுவாண்டாவில் இருந்த சபைக் கல்லூரித் தலைவருக்கு எழுதிக் கேட்டார். கற்றறிந்தோர் எவரும் இதனைத் தவறென்று கொள்ளவில்லை. கலங்கவேண்டா என்று விடை வந்தது. 1681ஐ ஒட்டி அவானாவில் பிரான்சிஸ்கோ ஹோசே தெ ஹாக்கா, எப்பிபானியோ தெ முவாரான் என்னும் இரு கப்பூச்சின் துறவியர் அடிமைமுறை அநீதி என்று வெளிப்படையாக முழங்கித் தண்டனை பெற்றனர். எனவே ஐயம் இருந்தது, எதிர்ப்பும் இருந்தது. ஐயத்தை அடக்கி ஆறுதல் தேடும் வழியும் இருந்தது. தேர்வு அவரவர் கையில் இருந்தது.

நாம் கொள்ளத்தக்க பாடம்

இவ்வரலாற்றை ஒரு சமயத்தைத் தூற்றும் கருவியாகக் கொள்ளுதல் அறமன்று, உண்மையும் அன்று. சகாராப் பாலைவழியிலும் கிழக்காப்பிரிக்கக் கரையிலும் நிகழ்ந்த அடிமை வாணிகத்தில் முசுலிம் வணிகரும் பங்குகொண்டனர். தமிழகத்தில் ஆட்களைக் கோயிலுக்கு விற்ற செய்தியைச் சோழர்காலக் கல்வெட்டுகள் கூறுகின்றன. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் சோழமண்டலக் கரையிலிருந்தும் மக்களை அடிமைகளாகக் கப்பலேற்றினர். பிரெஞ்சு கயானாவில் 1848இல் அடிமைமுறை ஒழிந்தபின், அங்கு ஏற்பட்ட ஆள்பற்றாக்குறையை நிரப்ப 1850களிலிருந்து 1870கள் வரை புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களின் வழியே ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர் அனுப்பப்பட்டனர். பலர் திரும்பவில்லை. லோயோலாவின் மண் நமக்கு முற்றிலும் அயல்மண் அன்று.

கல்விக்கூடங்கள் அறக்கொடையால் வாழ்கின்றன. வக்பு நிலமாயினும் தேவதானமாயினும் திருச்சபை நிலமாயினும், கொடுத்தவரின் பெயர் வாயிற்கல்லில் பொறிக்கப்படும். அந்நிலத்தில் உழைத்தவரின் பெயர் எங்கே உள்ளது? இவ்வினாவை எழுப்புதல் கொடையாளரை இகழ்வதாகாது; அறத்தை முழுமைப்படுத்துவதாகும். மாணவர்கள் தத்தம் ஊரின் பழைய தோட்டம், அவுரித் தொட்டி, உப்பளம், மில் ஆகியவற்றில் உழைத்தோரின் பெயர்களை முதியோரிடம் கேட்டு எழுதிவைப்பார்களாயின், அகழ்வாய்வாளர் நாளை மண்ணில் தேடவேண்டியது பெரிதும் குறையும். ஊர்ப்பெரியோர் நினைவில் உள்ளதைச் சொல்ல முன்வருதலும் வேண்டும்.

முடிவுரை

அறிவை வளர்த்த சபையே அடிமைகளையும் வைத்திருந்தது. வீரமாமுனிவரின் தமிழ்த்தொண்டு இதனால் சிறுமையுறாது. லோயோலாவின் கொடுமை அத்தொண்டால் மறையவும் மாட்டாது. இரண்டையும் ஒருங்கே நோக்கும் நடுவுநிலையே வரலாற்றுக் கல்வி நமக்குத் தரும் பயனாகும். கூம்புக் கலத்தின் ஓடும் துருவேறிய ஆணியும் நம்மிடம் இரக்கத்தை வேண்டவில்லை. தாம் இருந்ததை ஒப்புக்கொள்ளுமாறு மட்டுமே வேண்டுகின்றன. அவ்வளவேனும் செய்தல் கற்றோர் கடன்.